போர்டு சான்றிதழைத் தக்கவைக்கும் விதிகள்: எங்கே கை வைத்தால் மாறும்?

"அமெரிக்காவில் 20 வருடம் பிராக்டிஸ் செய்த டாக்டர்கூட போர்டு சான்றிதழைத் தக்கவைக்க தேர்வு எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமாமே? இதை ஒழித்துவிடலாமா, திருத்தினால் போதுமா, திருத்துவதென்றால் எதைத் திருத்துவது?" என்பது கேள்வி.

ஒழிக்க வேண்டாம் என்பது என் பதில். தேர்வின் வடிவத்தில் ஆக வேண்டிய திருத்தம் பாதிக்கு மேல் நடந்தாகிவிட்டது. மிச்சமுள்ள சிக்கல், சான்றிதழ் காலாவதியான மறுநாள் அந்த டாக்டருக்கு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. அந்த முடிவு போர்டின் கையில் இல்லை. மருத்துவமனைகளின் உள்விதிகளும் காப்பீட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களும் அதை எடுக்கின்றன. கோபம் முழுக்க போர்டின் வாசலில் கொட்டப்படுகிறது, சாவியோ வேறு வீட்டில் இருக்கிறது.

முதலில் லைசென்ஸையும் போர்டு சான்றிதழையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் மாநில அரசின் மருத்துவ வாரியம் தருவது, அது இல்லாமல் மருந்துச் சீட்டு எழுத முடியாது. அதைப் புதுப்பிக்க பெரும்பாலான மாநிலங்கள் தொடர்கல்வி மணிக்கணக்கு கேட்கும். கலிஃபோர்னியாவில் 2 வருடத்துக்கு 50 மணி. போர்டு சான்றிதழைத் தருபவை தனியார், லாப நோக்கற்ற அமைப்புகள். ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சியை முடித்த ஒருவர் தன் துறையில் தேறியவர் என்று சொல்லும் தாள் அது, அவ்வளவுதான். சட்டப்படி விருப்பம். ஆனால் அது இல்லாவிட்டால் பல மருத்துவமனைகளில் நோயாளியை அனுமதிக்க முடியாது, பல காப்பீட்டுப் பட்டியல்களில் பெயர் ஏறாது. பெயரளவில் விருப்பம், நடைமுறையில் கட்டாயம். மொத்தச் சண்டையும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. முதல் போர்டு கண் மருத்துவத்துக்கானது, 1917-ல் பதிவானது. போர்டுகளை ஒருங்கிணைக்கும் அமைப்பு 1933-ல் வந்தது. இன்று அதன் பெயர் ஏபிஎம்எஸ், அதில் 24 போர்டுகள் உள்ளன. நெடுங்காலம் ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். அதை முதலில் உடைத்தது குடும்ப மருத்துவப் போர்டு. 1969-ல் தொடங்கும்போதே 7 வருடக் கெடு வைத்தது. பொது மருத்துவப் போர்டான ஏபிஐஎம் (இதயம், ரத்தவியல், புற்றுநோய்த் துறைகளும் இதன்கீழ்தான்) 1990-ல்தான் 10 வருடக் கெடுவுக்கு மாறியது. 1989-ல் தேறியவருக்கு ஆயுள் சான்றிதழ், 1990-ல் தேறியவருக்குக் கெடு. ஒரே மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு சட்டம். வயதில் மூத்தவருக்கு விலக்கு, இளையவருக்குத் தேர்வு என்பது, தேர்வின் நோக்கமே அறிவு பழசாகிவிடக் கூடாது என்பதாக இருக்கும்போது, தலைகீழான ஏற்பாடு. இன்றுவரை இதற்கு ஒழுங்கான நியாயம் யாரும் சொன்னதில்லை.

2000-ல் எல்லாப் போர்டுகளும் எம்ஓசி என்ற 'சான்றிதழ் பராமரிப்பு' முறைக்கு ஒப்புக்கொண்டன. நான்கு பகுதிகள்: ஒழுங்கான லைசென்ஸ், தொடர்கல்வியும் சுயசோதனையும், அறிவுத் தேர்வு, கடைசியாக பிராக்டிஸ் மேம்பாடு. முதல் பகுதி வெறும் சரிபார்ப்பு, அதில் யாருக்கும் தகராறு இல்லை. இரண்டாவது இப்போது பெரும்பாலும் சாதாரணத் தொடர்கல்வியோடு கலந்துவிட்டது. தொல்லை மூன்றிலும் நான்கிலும்.

நான்காம் பகுதி ஏன் நாறிப்போனது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் இதில் கற்க வேண்டியது நிறைய. ஒரு டாக்டர், தன் சர்க்கரை நோயாளிகளின் கோப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கண் பரிசோதனை நடந்ததா, கால் பார்த்தாரா என்று எடுத்து, போர்டின் இணையப் படிவத்தில் கையால் தட்டச்ச வேண்டும். ஒரு மாற்றத்தைத் திட்டமிட வேண்டும். சில மாதம் கழித்து அதே எண்களை மறுபடியும் எடுத்துத் தட்டச்ச வேண்டும். எண் மேம்பட்டிருந்தால் அது திட்டத்தால் வந்ததா, கோப்பில் எழுதும் பழக்கம் சீரானதால் வந்ததா, மோசமாக இருந்த எண் தானே சராசரிக்குத் திரும்பியதா என்று சொல்ல வழியே இல்லை. ஒப்பீட்டுக் குழு கிடையாது, மாதிரியோ சின்னது. அதே எண்களை அதே மருத்துவமனையின் தரப்பிரிவு ஏற்கெனவே கணினியிலிருந்து எடுத்து மெடிகேருக்கு (முதியோருக்கான அரசுக் காப்பீடு) அனுப்பிக்கொண்டிருக்கும். ஆக டாக்டர் செய்தது எழுத்தர் வேலை. சுயதொழிலில் தனியாக இருப்பவருக்கு அதைச் செய்துதர ஆளும் இல்லை.

2014 ஜனவரியில் ஏபிஐஎம் இதை இன்னும் இறுக்கியது. 10 வருடத்துக்கு ஒருமுறை என்றிருந்ததை மாற்றி, 2 வருடத்துக்குள் ஏதாவது ஒரு செயல், 5 வருடத்தில் இத்தகைய செயல்களால் 100 புள்ளி, 10 வருடத்தில் தேர்வு என்று ஆக்கியது. ஆயுள் சான்றிதழ்காரர்களின் பெயருக்குப் பக்கத்திலும், அவர் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா இல்லையா என்று பொதுமக்கள் பார்க்கும் இணையப் பக்கத்தில் போட்டது. தீப்பிடித்தது. கலிஃபோர்னியாவின் இதயநோய் மருத்துவர் பால் டீர்ஸ்டீன் தொடங்கிய மனுவில் 19,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். 2015 பிப்ரவரி 3 அன்று ஏபிஐஎம் தலைவர் ரிச்சர்ட் பாரன் தாங்கள் தவறு செய்துவிட்டதாக எழுதி மன்னிப்புக் கேட்டார்; பிராக்டிஸ் மதிப்பீடு, நோயாளி கருத்து, நோயாளி பாதுகாப்பு ஆகிய கட்டாயங்களை நிறுத்திவைத்தார். 2016 ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் சபை, கட்டாய மறுசான்றிதழ்த் தேர்வை உடனே நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது.

கோபத்துக்கு ஆதாரம் இருந்ததா? ஓரளவு இருந்தது. 2014 டிசம்பரில் 'ஜாமா' மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்று ஏபிஐஎம் ஆட்களே செய்தது: 1989-ல் தேறிய ஆயுள் குழுவையும் 1991-ல் தேறிய கெடு குழுவையும் ஒப்பிட்டார்கள். வெளிநோயாளி கவனிப்பு நன்றாக இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனை அனுமதிகளில் வித்தியாசமில்லை. செலவு மட்டும் சற்றுக் குறைவான வேகத்தில் ஏறியிருந்தது. இன்னொன்று முன்னாள் படைவீரர்களுக்கான 4 மருத்துவமனைகளில், 10 தர அளவீடுகளில் நடந்தது. ஆயுள் குழுவுக்கும் கெடு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. 2016-ல் மேயோ கிளினிக் ஆட்கள் நாடு முழுவதும் எடுத்த கருத்துக்கணிப்பில், எம்ஓசி தங்கள் நோயாளிகளுக்குப் பொருத்தமானது என்றவர்கள் 24 சதவீதம், போட்ட நேரத்துக்குத் தகும் என்றவர்கள் 15 சதவீதம், சுமை என்றவர்கள் 81 சதவீதம்.

ஆனால் எதிர்ப்பாளர்கள் அடிக்கடி விட்டுவிடும் மறுபக்கமும் உண்டு. 2005-ல் வந்த ஒரு முறையான மீளாய்வில் 62 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில், பிராக்டிஸ் வருடம் கூடக்கூட அளந்த எல்லா அம்சத்திலும் தரம் குறைந்திருந்தது. அனுபவம் கூடினால் கை பழகும். புது வழிகாட்டுதல் தானாக வந்து தலையில் ஏறாது. 2006-ல் 'ஜாமா'வில் வந்த இன்னொரு மீளாய்வு இதைவிட முக்கியம்: டாக்டர்கள் தங்களைத் தாங்களே எடைபோடுவதற்கும் வெளியார் அளப்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஒருவருடைய ஓட்டை எங்கே என்று அவருக்கே தெரியாது. "எனக்கு என்ன படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், விட்டுவிடுங்கள்" என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. 2024-ல் வந்த ஆய்வில், முதல் சான்றிதழ்த் தேர்வில் மேல் கால்பங்கு மதிப்பெண் எடுத்த மருத்துவமனைப் பொது மருத்துவர்களின் நோயாளிகளில் 7 நாள் இறப்பு, கீழ்க் கால்பங்கினரின் நோயாளிகளைவிட 8 சதவீதம் குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது முதல் தேர்வைப் பற்றியது. தேர்வு மதிப்பெண்ணுக்கும் நோயாளியின் கதிக்கும் தொடர்புண்டு என்று அது காட்டுகிறது. திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தால் ஒருவர் மேம்படுவார் என்று அது காட்டவில்லை. இரு தரப்பும் இந்த இரண்டையும் வசதிக்கேற்பக் குழப்பிக்கொள்கிறார்கள்.

செலவுக்கு வருவோம். 2015-ல் வந்த கணக்கீடு ஒன்று, ஏபிஐஎம் திட்டத்தில் ஒரு டாக்டருக்கு 10 வருடத்தில் சராசரி 23,607 டாலர் என்றது. சாதாரணப் பொது மருத்துவருக்கு 16,725, ரத்தவியலும் புற்றுநோயும் சேர்த்து வைத்திருப்பவருக்கு 40,495. நாடு முழுவதும் சேர்த்தால் 570 கோடி டாலர். அதில் தேர்வுக் கட்டணம் 56 கோடி சொச்சம்தான். மிச்சம் 510 கோடி டாக்டர்களின் நேரம், 3.27 கோடி மணி நேரம். எல்லோரும் கட்டணத்தைப் பற்றிக் கத்துகிறார்கள், பையை ஓட்டையாக்குவதோ நேரம். கட்டணத்தைப் பாதியாக்கினால்கூட மொத்தச் செலவில் 5 சதவீதம்தான் குறையும். அதனால் கட்டணக் குறைப்பைச் சீர்திருத்தம் என்று யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு எழுந்துவிடாதீர்கள்.

இனி தேர்வு வடிவம். இதில் முன்னோடி மயக்கவியல் போர்டு. 2016-லிருந்து 10 வருடத் தேர்வை எடுத்துவிட்டு காலாண்டுக்கு 30 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம் என்று வைத்தது. குடும்ப மருத்துவத்தில் காலாண்டுக்கு 25 கேள்வி, கேள்விக்கு 5 நிமிடம். அறுவைச் சிகிச்சைப் போர்டு 2 வருடத்துக்கு ஒருமுறை 40 கேள்வி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். மனநல-நரம்பியல் போர்டு ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கச் சொல்லி, கட்டுரைக்கு 5 கேள்வி கேட்கிறது. ஏபிஐஎம் 2022-ல்தான் தன் 'தொடர் அறிவு மதிப்பீட்டை' கொண்டுவந்தது, எல்கேஏ என்கிறார்கள். ஏபிஎம்எஸ் 2021-ல் ஏற்ற புது விதிகள் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன: சுழற்சி 5 வருடத்தைத் தாண்டக்கூடாது, மதிப்பீட்டோடு விளக்கமும் தர வேண்டும், சான்றிதழைப் பறிக்கும் முன் குறையைச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 'எம்ஓசி' என்ற கெட்ட பெயரையும் மாற்றி 'தொடர் சான்றிதழ்' ஆக்கிவிட்டார்கள்.

எல்கேஏ எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாக. காலாண்டுக்கு 30 கேள்வி, வருடத்துக்கு 120, 5 வருடத்துக்கு 600. கேள்விக்கு 4 நிமிடம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வருடத்துக்கு 30 நிமிடம் உபரி வங்கியில் இருக்கிறது. புத்தகம், இணையம் எதையும் பார்க்கலாம், இன்னொரு ஆளைக் கேட்கக்கூடாது. பதில் சொன்னதும் சரியா தவறா, ஏன், எந்தக் கட்டுரை என்று திரையிலேயே வந்துவிடும். 600-ல் குறைந்தது 500-ஐத் திறந்திருக்க வேண்டும்.

சூட்சுமம் 'திறப்பது' என்ற சொல்லில் இருக்கிறது. திறக்காமல் விட்ட கேள்வி தவறாகக் கணக்கில் வராது, விடுப்பாகத்தான் வரும். அப்படி 100 விடலாம். திறந்துவிட்டு நேரம் போனால் தவறு. திறந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடும், நடுவில் வார்டிலிருந்து பேஜர் அடித்தாலும் நிற்காது. அதனால் பணியில் இருக்கும்போது "ஒன்றைப் பார்த்துவிடலாம்" என்று திறப்பதுதான் முதல் தவறு. இரண்டாவது தவறு, காலாண்டின் கடைசி இரவுக்கு 30-ஐயும் தள்ளிவைப்பது: 30 கேள்வி, 4 நிமிடம் என்றால் 2 மணி நேரம், அதுவும் களைப்போடு. மூன்றாவது, 100 விடுப்பை முதல் வருடமே சோம்பலில் கரைத்துவிடுவது. பிரசவம், அறுவை, வீட்டில் யாருக்காவது உடல்நலக்குறைவு என்று ஒரு முழு வருடம் போனால் 120 கேள்வி போய்விடும். 100 அதற்கே போதாது. வாரத்துக்கு இரண்டு மூன்று கேள்வி என்று ஒரே நேரம், ஒரே நாற்காலி என்று பழக்கிக்கொள்பவர்களுக்கு இது உறுத்தவே உறுத்தாது.

புள்ளிக் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான பதிலுக்கு 0.2 புள்ளி. 600-லும் 70 சதவீதம் சரி என்றால் 420 சரியான பதில், 84 புள்ளி. 5 வருடத்தில் தேவைப்படும் 100-க்கு மிச்சம் 16 புள்ளி. சாதாரணத் தொடர்கல்வியில் எம்ஓசி புள்ளி என்று குறித்தவற்றில் அது தானாக வந்துவிடும். இதற்கென்று தனியாகப் பணம் கட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை. கட்டணம் 2022-ல் முதல் சான்றிதழுக்கு வருடம் 220 டாலர், கூடுதல் ஒவ்வொன்றுக்கும் 120. பொது மருத்துவம், இதயம், இதயக் குழாய்ச் சிகிச்சை என்று மூன்று வைத்திருப்பவருக்கு வருடம் 460, 5 வருடத்தில் 2,300. பயன்படுத்தாத சான்றிதழைக் கௌரவத்துக்காகச் சுமப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை யோசிக்கலாம்.

இவ்வளவு மாறியும் 2023-ல் மறுபடி ஏன் வெடித்தது? ரத்தவியல் மருத்துவர் ஆரன் குட்மன் தொடங்கிய மனுவில் மீண்டும் 20,000-க்கு மேல் கையெழுத்து. அமெரிக்க ரத்தவியல் சங்கம் ஏபிஐஎம்முக்குக் கண்டனக் கடிதம் எழுதியது. இதயநோய்ச் சங்கங்கள் ஏபிஐஎம்மை விட்டே விலகித் தனிப் போர்டு கேட்டன. 2025-ல் ஏபிஎம்எஸ் அதை மறுத்துவிட்டது. காரணம் பொருத்தமின்மை. கேள்வி எப்படி வருகிறது என்று ஒன்றைக் கற்பனை செய்யுங்கள்:

38 வயது ஆண், புகைப்பவர், விதைப்பையில் செமினோமா என்ற புற்றுநோய், வயிற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது, முன்கணிப்பு நல்ல வகை. நுரையீரல் சோதனையில் வாயுப் பரிமாற்றத் திறன் குறைவு. எந்த மருந்துத் திட்டம்? விடை, ப்ளியோமைசினை விட்டுவிட்டு எட்டோபோசைடும் சிஸ்பிளாட்டினும் 4 சுற்று. ப்ளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கும்.

நல்ல கேள்வி, குறையே சொல்ல முடியாது. ஆனால் 15 வருடமாக மார்பகப் புற்றுநோயை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இது வருகிறது. அவரிடம் இப்படி ஒரு நோயாளி வந்தால் அதற்கென்றே இருக்கும் சகாவிடம் அனுப்புவார். 4 நிமிடத்தில் தேடிப் பிடித்துப் பதில் போட்டுவிடுவார், அடுத்த வாரம் மறந்துவிடுவார். போர்டின் பதில்: சான்றிதழில் 'மார்பகப் புற்றுநோய்' என்று எழுதவில்லை, 'மருத்துவப் புற்றுநோயியல்' என்று எழுதியிருக்கிறது, வார இறுதிப் பணியில் சகாவின் நோயாளியையும் அவர்தான் பார்க்கிறார். இந்தப் பதிலில் சத்து இருக்கிறது. அதனால் பொதுக் கேள்வியை முழுக்க எடுக்கச் சொல்ல மாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு அவர் பார்க்கும் நோயிலிருந்து, ஒரு பங்கு பொதுவிலிருந்து, அந்தப் பொதுப் பங்கும் 'இரவில் தப்புப் பண்ணினால் ஆள் போய்விடும்' வகையாக இருக்கட்டும்: கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சலும் வெள்ளணுக் குறைவும், தண்டுவட அழுத்தம், கால்சியம் ஏற்றம். எலும்பு அறுவைப் போர்டு ஏற்கெனவே இதை வேறு வழியில் செய்துவிட்டது: வருடத் தொடக்கத்தில் ஆவணப் பட்டியல் வெளியிடுகிறார்கள், டாக்டர் தனக்கு வேண்டிய 15-ஐத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார், அவற்றிலிருந்து 30 கேள்வி, 3 நிமிடம். தோள்பட்டை மருத்துவர் தோள்பட்டையைப் படிக்கிறார். ஒரு போர்டால் முடிந்தது இன்னொரு போர்டால் முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

சரி, சான்றிதழ் போனால் வேலையும் போகும் என்ற பூட்டுக்கு வருவோம். நீதிமன்றத்தில் போய் முட்டியவர்கள் தோற்றிருக்கிறார்கள். முதல் சான்றிதழும் பராமரிப்பும் இரண்டு தனிப் பொருள்கள், ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தலையில் கட்டுகிறார்கள் என்பது வழக்கு. மூன்றாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் ஏபிஐஎம் வழக்கில், இது ஒரே பொருள்தான் என்றது. ஏழாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் கதிரியக்கப் போர்டு வழக்கிலும் டாக்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டங்களில் ஓக்லஹோமா 2016-ல் முதலில் இறங்கியது. டெக்சாஸ் சட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது: பராமரிப்பை மட்டும் வைத்து மருத்துவமனையோ காப்பீட்டாளரோ பாகுபாடு காட்டக்கூடாது. ஆனால் மருத்துவமனையின் மருத்துவர் குழுவே வாக்களித்துக் கட்டாயமாக்கிக்கொண்டால் செல்லும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவைப் பாருங்கள். கட்டாயமாக்குவதும் தளர்த்துவதும் மருத்துவர் குழுவின் வாக்கில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

மெடிகேர் விதியும் துணைக்கு நிற்கிறது. மருத்துவமனைகளுக்கான பங்கேற்பு நிபந்தனைகளில், டாக்டருக்குத் தரும் சிகிச்சை அனுமதி போர்டு சான்றிதழை மட்டுமே பொறுத்து இருக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பல நிபந்தனைகளில் ஒன்றாகக் கேட்கலாம். ஒரே வாசலாக வைக்கக்கூடாது. ஆனால் உள்விதி இப்படி எழுதப்பட்டிருக்கும்: "உறுப்பினர் பயிற்சி முடித்த 5 ஆண்டுக்குள் ஏபிஎம்எஸ் போர்டு சான்றிதழ் பெற வேண்டும், அதைத் தொடர்ந்து தக்கவைக்க வேண்டும், தவறினால் உறுப்பினர் தகுதி தானாக முடிவடையும்." நிறைய இடங்களில் இந்தக் கடைசித் துண்டுதான் கொல்கிறது. 'தானாக' என்பதால் விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. 20 வருடம் புகாரே இல்லாதவர் ஒரு கெடு தவறினால், குடித்துவிட்டு அறுவை செய்தவரைவிட வேகமாக வெளியேறுகிறார். அவருக்காவது விசாரணை உண்டு.

மாற்று வாசகம் சிக்கலானதில்லை: "உறுப்பினர் முதல் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பின்னர் அது காலாவதியானால், தகுதிக்குழு அவரது தொடர் பணி மதிப்பீடு, தொடர்கல்வி, புகார் வரலாறு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யும்." தொடர் பணி மதிப்பீடு என்பதை ஜாயிண்ட் கமிஷன் (மருத்துவமனைகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பு) அங்கீகாரமுள்ள மருத்துவமனைகள் எப்படியும் செய்தாக வேண்டும். இறப்பு, தொற்று, மறுஅனுமதி எல்லாம் அதில் இருக்கிறது. சான்றிதழ் மறைமுகமாக ஊகிக்க முயல்வதை அது நேரடியாகப் பார்க்கிறது.

இதை நிறைவேற்றும் பாதை: தகுதிக்குழு, மருத்துவர் செயற்குழு, முழு மருத்துவர் குழுவின் வாக்கு, கடைசியில் நிர்வாக வாரியம். வரைவை எழுதும் முன் மூன்று இடங்களைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கடைசிக் கட்டத்தில் நிர்வாக வழக்கறிஞர் தூக்கி எறிவார். ஒன்று, விபத்துச் சிகிச்சை மையத் தகுதி; அங்கே குறிப்பிட்ட துறைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அந்தத் துறைகளுக்கு விதிவிலக்கு எழுதுங்கள். இரண்டு, ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனையானால் ஆசிரியர்களுக்கான நிபந்தனை. சான்றிதழ் அல்லது மறுஆய்வுக்குழு ஏற்கும் தகுதி என்று அது தளர்வாகவே இருக்கிறது, பலர் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை. மூன்று, காப்பீட்டு ஒப்பந்தங்கள். காப்பீட்டாளர்கள் "எங்கள் தர அங்கீகாரம் கேட்கிறது" என்பார்கள். அங்கீகாரம் தரும் என்சிக்யூஏ, டாக்டர் சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால் அதைச் சரிபார்க்கச் சொல்கிறது. சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த இரண்டும் வேறு வேறு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றுப் போர்டு ஒன்றுக்கு ஓடலாமே என்பவர்களுக்கு: டீர்ஸ்டீன் 2015-ல் தொடங்கிய என்பிபிஏஎஸ், ஏபிஎம்எஸ் முதல் சான்றிதழ், சுத்தமான லைசென்ஸ், 2 வருடத்தில் 50 மணி தொடர்கல்வி இருந்தால் சான்றிதழ் தருகிறது. 2018-ல் மத்திய நீதித்துறையின் போட்டிப் பிரிவு மேரிலாந்து மசோதா ஒன்றைப் பற்றி எழுதிய கடிதத்தில், இப்படிப் போட்டி இருப்பது நல்லது என்றே சொன்னது. போட்டியாக இது தேவை. மதிப்பீடாக இது போதாது. 50 மணி தொடர்கல்வி என்பது கலிஃபோர்னியா லைசென்ஸுக்கே கேட்பது. தனக்குப் பிடித்த, ஏற்கெனவே தெரிந்த தலைப்பில் உட்கார்ந்து மணி சேர்த்தால் ஓட்டை அடைபடாது. மேலே சொன்ன 2006 மீளாய்வு அதைத்தான் சொல்கிறது. கனடாவில் சிறப்பு மருத்துவர்களுக்குச் சான்றிதழ் தரும் ராயல் காலேஜ் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறது: 5 வருடத்தில் 400 புள்ளி, கட்டாயத் தேர்வு இல்லை, ஆனால் தன்னைச் சோதித்துக்கொள்ளும் செயலுக்கு ஒரு மணிக்கு 3 புள்ளி. உட்கார்ந்து கேட்பதைவிடச் சோதித்துக்கொள்வதற்கு மும்மடங்கு கூலி. கட்டாயத் தேர்வு இல்லாமலே ஆட்கள் சோதனை பக்கம் போவார்கள்.

அப்படியானால் போர்டிடம் கேட்க வேண்டியது என்ன? காலாண்டுக் கேள்விகள் இருக்கட்டும். ஆனால் அவை படிப்புக்கான கருவி என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். 5 வருட முடிவில் மதிப்பெண் குறைந்தவருக்கு நேராகப் பழைய நீண்ட தேர்வு என்பதற்குப் பதில், எந்தப் பிரிவில் குறைந்ததோ அந்தப் பிரிவில் மட்டும் இலக்கு வைத்த பயிற்சியும் மறு மதிப்பீடும் வேண்டும். நான்காம் பகுதி எந்தப் பெயரில் திரும்பி வந்தாலும், மருத்துவமனையின் தரவையே ஏற்கட்டும், கையால் தட்டச்ச ஒரு வரிகூட இருக்கக்கூடாது. ஆயுள் சான்றிதழ் சிக்கலுக்கு என்னிடம் அழகான தீர்வு இல்லை. கொடுத்த வாக்கைப் பறிக்க முடியாது, அந்தத் தலைமுறையும் ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இளையவர்களின் சுமையைக் குறைப்பதுதான் அந்த இடைவெளியைச் சுருக்கும் ஒரே நடைமுறை வழி.

இன்னொரு கோரிக்கை தேதியோடு சேர்ந்தது. 2022-ல் எல்கேஏ-வில் சேர்ந்த முதல் கூட்டத்துக்கு 5 வருடம் 2026 டிசம்பரோடு முடிகிறது. எத்தனை பேர் தேறவில்லை, 500 கேள்வியைத் திறக்காமல் எத்தனை பேர் வெளியே விழுந்தார்கள், அவர்களில் தனியாகப் பிராக்டிஸ் செய்பவர்கள் எவ்வளவு, தங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பிரிவுகளில் மட்டும் மதிப்பெண் இழந்தவர்கள் எவ்வளவு என்று ஏபிஐஎம் பிரித்து வெளியிட வேண்டும், தரவை வெளி ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும். 2014 ஆய்வுகளில் ஒன்றைப் போர்டின் சொந்த ஆட்களே செய்தார்கள் என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.